ஒன்றேகால் மடங்கு

பணி ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சுவர்க்கடிகாரம் பரிசளிக்கலாம் என்று முதன்முதலில் யோசித்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் மணியைப் பார்த்துப் பார்த்து ஓடிய மனுஷிக்கு, இனி நீ மணி பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிற நாளில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கடிகாரம். லிஃப்டக்காவுக்கும் அதுதான் கிடைத்தது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிறவர்கள் பேசி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. லிஃப்ட் மாட்டி, பழுதுபார்த்து, சோதித்துக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில், நேற்று வேலைக்குச் சேர்ந்தவரிலிருந்து அவளைவிட நாலு வயது மூத்த மேலாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் லிஃப்டக்காதான். அந்த நகரத்தில் மேலே போய்க் கீழே வருகிற பெட்டிகளில் பாதி அவள் கைபட்டவை. ஜனங்கள் அதில் ஏறிக் கண்ணாடியில் தலைவாரிக்கொள்வார்கள். அவளோ எப்போதும் பெட்டியின் கூரைமேல், இல்லையென்றால் அடியில் குழிக்குள், அதுவும் இல்லையென்றால் மொட்டைமாடியில் ஜன்னல் இல்லாத மெஷின் ரூமில் வெந்துகொண்டிருப்பாள்.

கடைசியாக அவள் மகள் பேச எழுந்தாள். வங்கியில் அதிகாரி. மைக்கைப் பிடித்தால் நடுங்காதவள்.

"இனிமே எங்கம்மா ஒரு வேலையும் பாக்க வேண்டாம்," என்றாள். "எங்க வீட்டுல அம்மாவுக்குன்னு தனி ரூம் ரெடி பண்ணிட்டோம். பேத்தியைப் பாத்துக்கிட்டு, வீட்டைப் பாத்துக்கிட்டு, நிம்மதியா இருக்கட்டும்."

ஒரு வேலையும் பார்க்க வேண்டாம் என்று ஆரம்பித்த மூச்சு அடங்குவதற்குள் இரண்டு வேலை கொடுத்துவிட்டாள். அதை அந்த அறையில் ஒருத்தி மட்டும்தான் கவனித்தாள். மற்ற எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள்.

லிஃப்டக்கா கடிகாரத்தை நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கிடம் போனாள்.

"ரூம் ரெடிதான். நான்தான் ரெடி இல்ல," என்றாள். "நான் வெளிநாடு போறேன்."

மேலாளர் சிரித்தார். "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. எத்தனை நாள் டூர்?"

"சாகற வரைக்கும்."

கைதட்டல் வரவில்லை. மகளின் முகம் சுவிட்சை அணைத்ததுபோல ஆயிற்று. லிஃப்டக்கா கடிகாரத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, படி இறங்கிப் போனாள்.

இது திடீரென்று வந்த கிறுக்கு இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக் கிறுக்கு.

முப்பத்தெட்டு வயதில் கம்பெனி அவளை மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. லிஃப்ட் செய்கிற தொழிற்சாலை, கடல் தாண்டி வேறொரு நாட்டில், ஒரு மலைச்சரிவு ஊரில் இருந்தது. ஊரே இரண்டாகக் கிடந்தது. கடைத்தெரு கீழே, வீடுகள் மேலே. நடுவில் செங்குத்தான பாறை. கீழே இருப்பவர்கள் மேலே போக, பாறையோடு சேர்த்துக் கட்டிய ஒரு பொது லிஃப்ட். டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதுபோல ஏற வேண்டும். பயிற்சி முடிந்த கடைசி நாள் மத்தியானம் அவளும் ஒரு டிக்கெட் வாங்கினாள். சீருடை போட்ட ஆள் கதவைச் சாத்தினார். பெட்டி மேலே போயிற்று. மேலே, பாறை விளிம்பில், ஒரு மரப் பெஞ்சு. அதில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாற்பது நிமிஷமும் அவளை யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் கதை. அழகான காட்சி, சுத்தமான காற்று என்று மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம். பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அப்பா, அம்மா, தம்பிமார், கணவர். கணவர் மகளுக்கு ஆறு வயதாகும்போது வேறு வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு மகள். ராப்பகல் பாராமல் மாட்டிக்கொண்ட லிஃப்டுக்குள்ளிருந்து முன்பின் தெரியாதவர்கள். டிக்கெட் வாங்கின ஆளாக, ஒருத்தரும் கூப்பிடாத ஆளாக அவள் இருந்தது அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான். கிழவியானால் இங்கே வந்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள்.

சொன்னதைச் செய்கிற ஜாதி அவள். திரும்பி வந்ததும் பழைய புத்தகக்கடையில் அந்த மொழிக்கு ஒரு பாடப்புத்தகம் வாங்கினாள். மெஷின் ரூமில் மோட்டார் ஆறும்வரை காத்திருக்கிற நேரத்திலெல்லாம் வினைச்சொல் மனப்பாடம் செய்தாள். ஓய்வூதியம் வாங்குகிறவர்களைத் தங்கவிடுகிற விசா அந்த நாட்டில் உண்டு என்று கண்டுபிடித்து, காகிதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். மேல் ஊரில், அந்தப் பெஞ்சுக்குப் பத்து நிமிஷ நடையில், இரண்டாவது மாடியில் ஓர் அறைக்கும் கடிதம் எழுதி வைத்திருந்தாள். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்.

சொன்னதும் அதுதான் நடந்தது. விருந்து முடிந்த மறுநாள் காலையில் மகள் வந்து நின்றாள். கூடவே சமாதானத் தூதராக ஸ்பேனர் அண்ணன். எந்த வேலைக்குப் போனாலும் ஸ்பேனரை மறந்துவிட்டுப் போகிற மனிதர் என்பதால் அந்தப் பெயர். அவளோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

"இக்கரைக்கு அக்கரை பச்சைம்மா," என்றார் அவர்.

"அதான் அக்கரையில போய் நின்னு பாத்துட்டு சொல்றேன்."

"காடு வா வாங்குது, வீடு போ போங்குது. இந்த வயசுல போய்..."

"காடு கூப்பிட்டா கூப்பிடட்டும். நான் வேற ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டேன்னு சொல்லிருங்க."

ஸ்பேனர் அண்ணன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டார். மகள் அழவில்லை, கத்தவில்லை. வங்கி அதிகாரி அல்லவா, பட்டியல் போட்டுத்தான் பேசினாள். குளிர். தனிமை. பாஷை. சாப்பாடு. உடம்புக்கு முடியாமல் போனால்? கீழே விழுந்தால்?

"ஆழம் தெரியாம காலை விடாதேன்னு எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்ப? இப்ப நீ என்னம்மா பண்ற?"

அந்தக் கேள்வி நியாயமானது. லிஃப்டக்காவுக்கும் அது உறைத்தது. கேட்காமலே விமானம் ஏறியிருக்கலாம். யாரும் கட்டிப்போடப் போவதில்லை. ஆனால் சோதிக்காத பெட்டியில் ஆளை ஏற்றுவது அவள் பழக்கத்திலேயே இல்லை. அந்த ஆள் அவளாகவே இருந்தாலும்.

லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு. பத்துப் பேர் ஏறலாம் என்று எழுதப்போகிற பெட்டியில், முதலில் பன்னிரண்டரைப் பேரின் எடைக்கு இரும்புக் கட்டிகளை அடுக்குவார்கள். ஒன்றேகால் மடங்கு. அதை வைத்துக்கொண்டு இறக்கி, நடுவழியில் நிறுத்திப் பார்ப்பார்கள். நின்றால்தான் மனிதர்களை ஏற்றலாம். சுமக்க வேண்டியதைச் சுமந்தால் போதாது, அதற்குமேல் கால் பங்கு வைத்தாலும் சறுக்கக் கூடாது.

"சரி," என்றாள் லிஃப்டக்கா. "சோதிச்சுப் பாத்துருவோம். தொண்ணூறு நாள். இங்கேயே, இந்த ஊர்லயே. ஆனா அங்க இருக்கற மாதிரி. அதுக்குமேல கால் பங்கு கஷ்டம் ஏத்தி."

பையில் மிச்சமிருந்த லிஃப்ட் ஆய்வுத் தாள் ஒன்றின் பின்பக்கத்திலேயே எழுதினாள். தெரிந்தவர் முகம் பார்க்கக் கூடாது. அந்த மொழியைத் தவிர வேறு பேசக் கூடாது, மகளோடு தவிர. அங்கே போனால் தினமும் போனில் பேசலாம். இங்கே ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மட்டும், கால் மணி நேரம். அங்கே இரண்டாவது மாடி. இங்கே நான்காவது, அதுவும் லிஃப்ட் இல்லாத கட்டடம். தாங்கினால் மகள் மறுபேச்சுப் பேசாமல் வழியனுப்ப வேண்டும். தாங்காவிட்டால் மகள் வீட்டு ரூமுக்கு வந்துவிட வேண்டும், செத்தாலும் அந்த ஊர்ப் பேச்சை எடுக்கக் கூடாது.

மகள் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பத்து நாளில் அம்மா வந்துவிடுவாள் என்பது அவள் கணக்கு.

நகரத்தின் மறுகோடியில், துறைமுகத்தை ஒட்டி, அந்த நாட்டிலிருந்து எப்போதோ வந்து தங்கிவிட்ட நாற்பது ஐம்பது குடும்பங்கள் இருக்கிற ஒரு தெரு உண்டு. அங்கே ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் அறை பிடித்தாள். வெளிப்புறமாகச் சுற்றி ஏறுகிற இரும்புப் படி. மாடிக்குப் பதினேழாக மொத்தம் அறுபத்தெட்டுப் படிகள். கீழே ஒரு சலவைக்கடை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கிற இடம். நாலு பெரிய மெஷின் ஓடினால் கட்டடமே உறுமும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியேறினாள். கம்பெனி கொடுத்த கடிகாரத்தைச் சுவரில் மாட்டி, முள்ளைத் திருகி, அந்த நாட்டு நேரத்துக்கு வைத்தாள். முதல் தடவையாக அந்தக் கடிகாரத்துக்கு ஓர் உபயோகம் வந்தது.

குளிரைத்தான் வாங்கி வர முடியவில்லை. அதற்கும் வழி கண்டாள். அவள் பல வருஷம் சரக்கு லிஃப்ட் பார்த்த மீன் குளிர்பதனக் கிடங்கு ஒன்று துறைமுகத்தில் இருந்தது. அங்கே புதிதாக வந்திருந்த மேற்பார்வையாளருக்கு அவளைத் தெரியாது. அவள் கொண்டுபோன கம்பெனிக் கடிதத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுமதித்தார். வாரம் இரண்டு நாள், கம்பளிச் சட்டை, காதுவரை தொப்பி, கையுறையோடு உள்ளே போய், மீன் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாடப்புத்தகம் படிப்பாள். மூட்டை இறக்க வருகிறவர்கள் முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாவது வாரம் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் ஸ்டூலை அவர்களே எடுத்துப் போட்டார்கள்.

பாஷைதான் படாதபாடு படுத்தியது. புத்தகம் ஐம்பது வருஷத்துக்கு முந்தியது. அதில் படித்ததை அவள் பேசியபோது எப்படி இருந்தது என்றால், சலவைக்கடையில் போய், "அம்மையீர், யான் இவ்விடம் புதிதாகக் குடிபுகுந்துள்ளேன். தங்கள் நலம் அறிய விழைகிறேன்" என்று நின்றாள். சலவைக்கடைக்காரிக்கும் அவள் வயதுதான் இருக்கும். அந்த நாட்டுக்காரி; இத்தனை வருஷமாகியும் இந்த ஊர்ப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. உருண்டை முகம், நீராவியில் வெந்து சிவந்த கை. விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தவள், எண்ணிக்கை விட்டுப்போன எரிச்சலில் நிமிர்ந்து, "செத்துப்போன எங்க பாட்டன்கூட இப்படிப் பேசமாட்டான்" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

இன்னொருத்தியாக இருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பாள். லிஃப்டக்கா மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். தினமும் ஒரு வாக்கியம். தினமும் ஒரு திட்டு. திட்டிலிருந்து அவள் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இருபத்திரண்டு வருஷத்தில் கற்றதைவிட அதிகம். சாயங்காலம் நாலு மணிக்குக் காய்கறி, ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறுவாள். பிறகு மெஷின் ரூமில் தொங்குமே ஆய்வுப் பதிவேடு, அதுபோல ஒரு நோட்டில் அன்றைய தேதி போட்டு, அந்த மொழியில் இரண்டு வாக்கியம் எழுதுவாள்.

சுகமாக இருந்தாள் என்று சொன்னால் பொய். இருபதாவது நாள் சுவரைப் பார்த்து அழுதாள். பேத்தி ஞாபகம் வந்தால் வினைச்சொற்களைச் சத்தமாக ஒப்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரத்தில் மகள் பன்னிரண்டு நிமிஷம் மௌனமாக இருந்து பழிவாங்கினாள். "எப்பம்மா வர்ற?" என்ற ஒரே கேள்விதான். "போட்ட கெடு முடிஞ்சதும்" என்ற ஒரே பதில்தான். முன்வைத்த காலைப் பின்வைப்பதில்லை என்று லிஃப்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நாற்பதாவது நாளுக்கு மேல் ஒரு நாள், கடைத்தெருவில் யாரோ வழி கேட்டபோது, யோசிக்காமல் அந்த மொழியிலேயே பதில் வாயில் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அறுபத்தாறாவது நாள், செவ்வாய்க்கிழமை, விழுந்தாள்.

மழை தூறி இரும்புப் படி வழுக்கலாக இருந்தது. கையில் பை. நாற்பத்தோராவது படியில் கால் சறுக்கி, கணுக்கால் மடங்கி, மடக்கென்று ஒரு சத்தம் அவளுக்கே கேட்டது. உருளைக்கிழங்கு அத்தனையும் தடதடவென்று கீழே போயிற்று. "அம்மா!" என்று கத்தினாள். வலியில் வேறு எந்த மொழி வரும்? கத்திய பிறகுதான் ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. உதவி கேட்பது புத்தகத்தில் ஒன்பதாவது பாடம். கண்ணில் நீர் வழிய, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த மொழியில் உரக்கச் சொன்னாள்: "மாண்புடையீர், தயைகூர்ந்து எனக்கு உதவி புரிவீர்களா?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் சலவைக்கடைக்காரி பாதிப் படி ஏறி வந்துவிட்டாள்.

"தினமும் நாலு மணிக்கு அறுபத்தெட்டு," என்று மூச்சு வாங்கினாள். "இன்னைக்கு நாற்பத்தொண்ணுல நின்னுபோச்சு. என்ன கிழவி, எண்ணத் தெரியாதா உனக்கு?"

நாள் முழுக்க விரிப்பு எண்ணுகிறவளுக்குக் காதில் விழுவதையெல்லாம் எண்ணுகிற பழக்கம். தலைக்குமேல் இரும்புப் படியில் தினமும் ஏறுகிற காலடியை அவள் இரண்டு மாதமாக எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது கடையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, தடித்த விரிப்பு ஒன்றில் அவளை ஏந்தி, அழுக்குத் துணி மூட்டைகள் ஏற்றுகிற வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். அந்தத் திட்டில் முக்கால்வாசி லிஃப்டக்காவுக்குப் புரிந்தது. வலிக்கு நடுவிலும் அது ஒரு பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் யார் என்று ஒரு கட்டம். பேனா அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. சலவைக்கடைக்காரி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவைப் பிடுங்கித் தன் பெயரை எழுதினாள்.

எலும்பில் விரிசல், கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் லிஃப்டக்கா மகளைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்: "கால்ல ஒரு சின்னக் கட்டு."

பத்தரைக்கு இரும்புப் படி அதிர்ந்தது. ஒப்பந்தத்தை மீறி மகள் வந்து நின்றாள். கட்டைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த ஆஸ்பத்திரித் தாளை எடுத்துப் படித்தாள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் அவள் கண் அங்கேயே நின்றது.

"யாரும்மா இது?"

"கீழ சலவைக்கடை வச்சிருக்கா."

"என் பேரு இருக்க வேண்டிய இடத்துல எவளோ ஒருத்தி பேரு. எனக்கு அஞ்சு நாள் கழிச்சுத் தெரியுது. துணி வெளுக்கறவளுக்கு அன்னைக்கே தெரியுது."

"அவ பக்கத்துல இருந்தா."

"நான் எங்க இருந்தேன்? சந்திர மண்டலத்துலயா? கார்ல அரைமணி நேரம்மா!" குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு பையைத் திறந்து அந்த ஆய்வுத் தாளை எடுத்தாள். "நீயே எழுதினது. தாங்கலன்னா வந்துடணும். விழுந்துட்ட. சோதனை ஃபெயில். கிளம்பு, கீழ அவரு கார்ல வெயிட் பண்றாரு."

"உக்காரு."

"உக்கார மாட்டேன்."

"சரி, நின்னுக்கிட்டே கேளு. உனக்கு ஒன்பது வயசு. ஆஸ்பத்திரி கட்டடத்து மெஷின் ரூம்ல வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருக்க. நானும் ஸ்பேனர் அண்ணனும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்?"

மகளுக்குத் தெரியும். பள்ளிவிட்டால் அவளுக்கு வீடு மெஷின் ரூம்தான். கருவிப் பெட்டிதான் மேஜை. அன்றைக்கு அம்மா வேண்டுமென்றே பெட்டியை வேகம் மீறி ஓடவிட்டாள், கயிறு அறுந்தால் எப்படி ஓடுமோ அப்படி. தடால் என்று கட்டடமே குலுங்கியது. ஒன்பது வயதுக் குழந்தை நோட்டைப் போட்டுவிட்டு வீறிட்டது.

"லிஃப்ட் உடைஞ்சுபோச்சான்னு கேட்ட. நான் என்ன சொன்னேன்?"

மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விழுதான்னு பாக்கறதுக்கு இல்லடி அந்தச் சோதனை. விழற மாதிரி நாமளே விடறோம். விழுந்தா பெட்டிக்கு அடியில இருக்கற பல்லு தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்குதான்னு பாக்கறோம். பிடிச்சா பாஸ். நான் விழுந்தேன். என்னைப் பெத்தவ இல்ல, நான் பெத்தவ இல்ல, யாரோ ஒருத்தி, என் காலடியை எண்ணிக்கிட்டு இருந்தவ, ஓடி வந்து பிடிச்சா. எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான். அது போச்சு. நான் பாஸ்."

மகள் திரும்பினாள். வங்கி அதிகாரி எங்கேயோ போய்விட்டாள். அந்த நாளுக்குப் பிறகு மாதக்கணக்காக ஒரு குழந்தை, மேஜைமேல் ஏறி, கட்டில்மேல் ஏறி, கருவிப் பெட்டிமேல் ஏறி, "அம்மா, பிடிச்சா பாஸ்!" என்று கத்திக்கொண்டு குதிக்கும். கை நிறைய கிரீஸ் இருந்தாலும் அம்மா பிடிப்பாள். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. அந்தக் குழந்தைதான் இப்போது எதிரில் நின்றது.

"அப்ப நான் விழுந்தா?" என்றாள். "என்னை யாரும்மா பிடிப்பா?"

குளிர், தனிமை, பாஷை என்று மகள் போட்ட பட்டியலுக்கெல்லாம் அடியில் இருந்தது இதுதான் என்று அன்றைக்கு, அந்த மேஜையோரத்தில்தான், லிஃப்டக்காவுக்குத் தெரிந்தது. கீழே மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளுக்கு எழுந்து நொண்டிக்கொண்டே காருக்குப் போய்விடலாம் என்று இருந்தது.

"இந்த எழுபத்தோரு நாள்ல நீ விழவே இல்லியா?" என்று கேட்டாள்.

"ஏன் விழல? போன மாசம் பாப்பாவுக்கு நாலு நாள் காய்ச்சல். எனக்கு அதே வாரம் ஆடிட். மூணு தடவை போனை எடுத்தேன்."

"பேசலியே."

"ஞாயித்துக்கிழமை இல்லியே!" என்று கத்தினாள் மகள்.

"அப்புறம் என்ன பண்ணின?"

"அவரு லீவு போட்டாரு. பக்கத்து வீட்டு அக்கா வந்து பகல்ல உக்காந்துக்கிட்டாங்க. பாப்பாவுக்குச் சரியாயிடுச்சு."

"அப்ப பிடிச்சுதில்ல?"

"அது நீ இல்லம்மா."

"நான் இல்லதான்." லிஃப்டக்காவின் குரல் கரகரத்தது. "நான் இல்லாமலே பிடிச்சுது. என்னைச் சோதிக்கிறேன்னு நினைச்சுதான் இங்க வந்தேன். இப்பத்தான் தெரியுது, பெட்டியில ரெண்டு பேரு ஏறியிருந்திருக்கோம்."

மகள் நின்றாள். ஆய்வுத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை.

"இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு," என்றாள் லிஃப்டக்கா. "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பேசு. மாப்பிள்ளையை ரொம்ப நேரம் காக்க வைக்காதே."

மகள் கதவைச் சாத்தாமல் போனாள்.

லிஃப்டக்கா நாற்காலியில் இருந்தபடியே எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இரும்பில் செருப்புச் சத்தம் தெளிவாகக் கேட்டது. நான்காம் மாடி தாண்டி, மூன்றாம் மாடி தாண்டி, இருபத்தேழில் நின்றுவிட்டது. மேலிருந்து எண்ணினால் இருபத்தேழு. கீழிருந்து எண்ணினால் அவள் விழுந்த அதே நாற்பத்தொன்று. பிறகு மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. படியில் உட்கார்ந்து அழுகிறாள்.

கூப்பிட்டால் வந்துவிடுவாள். பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்தால் போதும். லிஃப்டக்கா நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்தது. அறுபது வருஷ வாழ்க்கையில் அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை, வாயை மூடிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான். கீழிருந்து சலவைக்கடைக்காரியின் குரல் கேட்டது. அந்த மொழியில் ஏதோ அதட்டினாள். பிறகு மெதுவாக, கனமாக, ஒரு காலடி படி ஏறி வந்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு பொது வார்த்தைகூடக் கிடையாது. இரும்பு ஒரு தடவை முனகியது; அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு இரண்டு ஜோடிக் கால்கள் இறங்கின. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. லிஃப்டக்கா விடாமல் எண்ணினாள். அறுபத்தெட்டும் வந்தது. கார்க் கதவு சாத்தியது. வண்டி கிளம்பிப் போயிற்று.

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் சத்தமாகவே அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள். எழுபத்தோராம் நாள் என்று எழுதினாள். அந்த மொழியில், புத்தகத்துப் பாணி இல்லாமல், சலவைக்கடைக்காரி பேசுகிற மாதிரியே, அன்றைய இரண்டு வாக்கியத்தை எழுதினாள்:

என் மகள் பத்திரமாகக் கீழே இறங்கிவிட்டாள். நான் மேலேதான் இருக்கிறேன்.